பாட்டி இந்தக் கலரே கிடையாது: ஃபோட்டோ புக் பிரிண்டும் நிறமும்

(எபிசோடோட ஆடியோவைக் கேட்டு எழுதி, படிக்கிறதுக்கு ஏத்த மாதிரி திருத்தின வடிவம் இது. என்னோட 'ஓகே', 'சோ' எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் எடுத்தாச்சு.)

இந்த வாரம் ஒரே ஒரு நேயர் கேள்விதான். மதுரையில இருந்து வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க. வருஷ திதிக்குள்ள நாப்பது படம் சேர்த்து ஒரு ஃபோட்டோ புக் போட்டு, பெரியம்மா, சித்தி, மாமா வீடுன்னு எட்டு காப்பி கொடுக்கணும்னு ஆசை. மாதிரிக்கு ஒரு காப்பி பிரிண்ட் பண்ணி வாங்கிப் பார்த்திருக்காங்க. ஃபோன்ல பளிச்சுன்னு இருந்த படம் புக்ல இருட்டா இருக்கு. பாட்டியோட அரக்குப் புடவை மங்கிப்போய் பழுப்பா நிக்குது. முகம் சில பக்கத்துல சாம்பல் பூசின மாதிரி, சில பக்கத்துல பவுடர் அடிச்ச மாதிரி. "எங்க பாட்டி இந்தக் கலரே கிடையாது"ன்னு சொல்லி நோட்டை முடிச்சுட்டாங்க.

இதைக் கேட்டதும் 'பிரிண்ட் கடை சரியில்ல, வேற கடை பாருங்க'ன்னு சொல்லத்தான் தோணும். ஆனா இதுல அஞ்சு தனித்தனிப் பிரச்சினை ஒண்ணா சேர்ந்து உட்கார்ந்திருக்கு. டீபக் பண்றவங்களுக்குத் தெரியும், அஞ்சு பக் சேர்ந்து ஒரே அறிகுறியைக் காட்டினா எதைத் தொட்டாலும் சரியாகாது. ஒவ்வொண்ணாப் பிரிச்சாத்தான் உண்டு. சுலபமானதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

இருட்டா வர்றது ஏன்

ஸ்க்ரீன் தானே வெளிச்சம் போடுது. பேப்பர் அப்படி இல்ல, ரூம்ல இருக்கிற வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஸ்க்ரீன் வெளிச்சத்தை நிட்ல அளக்கிறோம். ஃபோனை முழு பிரைட்னஸ்ல வெச்சா 500 நிட் இப்பல்லாம் சாதாரணம். புது ஃபோன்கள் வெயில்ல 1000-ஐத் தாண்டுது. ரூம் வெளிச்சத்தை லக்ஸ்ல அளக்கிறோம். ராத்திரி ஹால்ல ஒரு டியூப்லைட் எரியுதுன்னா சோபா பக்கத்துல தோராயமா 150 லக்ஸ்னு வெச்சுக்கலாம். வெள்ளைப் பேப்பர் தன் மேல விழுற வெளிச்சத்துல 90 சதவீதம் பக்கம் திருப்பி அனுப்பும். லக்ஸை அந்தச் சதவீதத்தால பெருக்கி, பையால, அதாவது 3.14-ஆல வகுத்தா நிட் கிடைக்கும். கணக்கு போட்டா 40 நிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஃபோன்ல இருக்கிற வெள்ளை, புக்ல இருக்கிற வெள்ளையை விட 10 மடங்குக்கும் மேல பிரகாசம்.

நம்ம கண்ணு ரெண்டுக்கும் பழகிக்கும், அதனால புக் தனியாப் பார்க்கும்போது இவ்வளவு மோசமாத் தெரியாது. சிக்கல் எடிட் பண்ணும்போது வருது. பளிச்சுனு இருக்கிற ஸ்க்ரீன்ல இருட்டான படம்கூட நல்லா இருக்கிற மாதிரி தெரியும். 'சரியாத்தானே இருக்கு'ன்னு அப்படியே விட்டுடுவோம். ஃபைல்லயே இருட்டு இருக்குன்னு பேப்பர்ல வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொண்ணு, பேப்பர்ல கறுப்புக்கும் ஒரு எல்லை உண்டு. சாதாரண எல்சிடி ஸ்க்ரீன்ல வெள்ளைக்கும் கறுப்புக்கும் 1000 மடங்கு வித்தியாசம் இருக்கும். பளபள பேப்பர்ல அது 100, 200 மடங்கு. மேட் பேப்பர்ல சுமார் 40 மடங்கு. அதனால பாட்டியோட கொண்டை, நிழல்ல இருக்கிற புடவை மடிப்பு மாதிரி இருட்டுக்குள்ள இருக்கிற விவரம் மேட் பேப்பர்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

இதுக்கு மருந்து இலவசம். எடிட் பண்றதை லேப்டாப்புக்கு மாத்துங்க. ஒரு வெள்ளை டாக்குமெண்ட்டை ஸ்க்ரீன்ல திறந்து வெச்சு, பக்கத்துல ஒரு ஏ4 பேப்பரைப் பிடிங்க. ரெண்டு வெள்ளையும் ஒரே மாதிரி தெரியுற வரைக்கும் பிரைட்னஸைக் குறைங்க. பிரிண்டுக்கு எடிட் பண்றவங்க ஸ்க்ரீனை 80-லிருந்து 120 நிட்டுக்குள்ள வெப்பாங்க. நீங்களும் கிட்டத்தட்ட அங்கதான் வந்து நிப்பீங்க. முதல் பத்து நிமிஷம் 'என்னடா இவ்வளவு மங்கலா இருக்கு'ன்னு தோணும், அப்புறம் பழகிடும். நைட் லைட், ட்ரூ டோன் மாதிரி தானா கலர் மாத்துற வசதி எல்லாத்தையும் அணைச்சுடுங்க. சாம்சங் ஃபோன்ல பார்க்கிறீங்கன்னா ஸ்க்ரீன் மோடுல 'விவிட்' இருக்கும், அதை 'நேச்சுரல்'னு மாத்துங்க. விவிட்ல நிறம் உள்ளதை விட அழுத்தமாத் தெரியும்.

எண்ணுக்கு அர்த்தம் யார் சொல்றது

இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமாப் பேசிடுவேன், பொறுத்துக்கோங்க.

ஃபைலுக்குள்ள ஒரு பிக்சல் அப்படிங்கிறது மூணு எண். சிவப்பு, பச்சை, நீலம். உதாரணமா 150, 25, 45. இது எந்த அரக்கு? இந்தக் கேள்விக்கு பதிலே கிடையாது. '150 அளவு சிவப்பு'ன்னா எந்தச் சிவப்புல 150-ன்னு யாராவது சொல்லணும்.

தமிழ் டைப் பண்ணினவங்களுக்கு இது உடனே புரியும். பாமினி ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா என்ன வரும்? ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. ஃபைல்ல ஒரு பைட்கூட கெட்டுப்போகல. அந்த எண்ணை எந்த அட்டவணையில வெச்சுப் படிக்கணும்கிற தகவல்தான் தொலைஞ்சு போச்சு. டிஸ்கி, டாப், யூனிகோட்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டவணை. நிறத்துக்கும் அதே கதைதான். அந்த அட்டவணைக்குப் பேர் கலர் ப்ரொஃபைல். 1993-ல அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உட்பட எட்டு நிறுவனம் சேர்ந்து ஐசிசின்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சு, இந்த ப்ரொஃபைலுக்கு ஒரு பொது வடிவம் கொண்டுவந்தாங்க.

நிறத்தோட கொடுமை என்னன்னா, பாமினி ஃபைல் தப்பாத் திறந்தா குப்பைன்னு உடனே தெரியும். ப்ரொஃபைல் தப்பாப் போனா படம் படமாத்தான் தெரியும். கொஞ்சம் மங்கலா, கொஞ்சம் பழுப்பா. தப்பு நடந்திருக்குன்னே தெரியாது.

நீங்க சந்திக்கப் போறது மூணு ப்ரொஃபைல். முதல்ல எஸ்ஆர்ஜிபி, 1996-ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்தது. இணையம், டிவி, பெரும்பாலான பிரிண்ட் லேப் எல்லாரும் எதிர்பார்க்கிறது இதைத்தான். அடுத்தது அடோபி ஆர்ஜிபி, 1998. இதுக்குப் பின்னாடி நம்ம ஆளுங்க ரசிக்கிற மாதிரி ஒரு கதை இருக்கு. ஒரு டிவி தரநிலை ஆவணத்துல இருந்து எண்களை எடுத்து ஃபோட்டோஷாப் 5-ல போட்டாங்க. எடுத்தது அந்தத் தரநிலையோட உண்மையான எண்களே இல்ல, அதுலயும் சிவப்புக்கான எண்ணைப் படியெடுக்கும்போது தப்பு பண்ணிட்டாங்க. விஷயம் வெளிய தெரியுறதுக்குள்ள ஜனங்களுக்கு அந்த நிறவெளி பிடிச்சுப்போச்சு. அடோபி பேரை மட்டும் மாத்திட்டு எண்ணை அப்படியே விட்டுட்டாங்க. ப்ரொடக்‌ஷன்ல இருக்கிற பக் தரநிலையாவே ஆகிடுச்சு. மூணாவது பி3. 2016-ல ஐஃபோன் 7 வந்ததுல இருந்து ஐஃபோன்கள் இந்த அகலமான நிறவெளியிலதான் படம் எடுக்குது.

இப்ப அந்த அரக்குப் புடவைக்கு வருவோம். பேரன் ஐஃபோன்ல பி3-ல எடுத்த படம். லேப்ல இருக்கிற சாஃப்ட்வேர் ப்ரொஃபைலைப் பார்க்காம, வர்றது எல்லாம் எஸ்ஆர்ஜிபின்னு நினைச்சுப் படிக்குது. அகலமான அட்டவணையில எழுதின எண்ணைக் குறுகலான அட்டவணையில படிச்சா சிவப்பு சுருங்கிடும். அரக்கு மங்கும். அடோபி ஆர்ஜிபி படத்துக்கும் இதே கதிதான்.

தீர்வு: புக்ல போற எல்லாப் படத்தையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாத்தி, ப்ரொஃபைலை உள்ளேயே பதிச்சு, ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. இங்க ஒரு பொறி இருக்கு. ஃபோட்டோஷாப்ல 'கன்வர்ட்', 'அசைன்'னு ரெண்டு மெனு பக்கத்துப் பக்கத்துல இருக்கும். கன்வர்ட் பண்ணினா நிறம் மாறாம எண் மாறும். பாமினியில இருந்து யூனிகோடுக்கு ஒழுங்கா மாத்துற கருவி மாதிரி. அசைன் பண்ணினா எண் அப்படியே இருந்துட்டு அர்த்தம் மட்டும் மாறும். பாமினி ஃபைலைச் செலக்ட் பண்ணி ஃபான்ட் பேரை மட்டும் லதான்னு மாத்தின மாதிரி. உங்களுக்கு வேண்டியது கன்வர்ட்.

படத்தை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாதீங்கன்னு தனியாச் சொல்லணுமா? அது படத்தைச் சுருக்கிடும். 12 இன்ச் பக்கத்துக்கு இன்ச்சுக்கு 300 புள்ளின்னா ஒரு பக்கம் 3600 பிக்சல் வேணும். டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லன்னா டிரைவ்ல போடச் சொல்லுங்க.

மைக்கு எட்டாத நிறங்கள்

நம்ம ஊர்ல ஆல்பம், ஃபோட்டோ புக் பெரும்பாலும் ரெண்டு வழியில வருது. கல்யாண ஆல்பம் மாதிரி கெட்டிப் பக்கம் விரிச்சு வர்றது பலதும் நிஜ ஃபோட்டோ பேப்பர். லேசர் வெளிச்சத்தால பதிச்சு, கெமிக்கல்ல கழுவி எடுக்கிறது. மெல்லிசு தாள்ல புத்தகம் மாதிரி வர்றது டிஜிட்டல் பிரஸ். சயான், மெஜெந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. ஏதாவது பிஸ்கட் அட்டைப்பெட்டியைப் பிரிச்சு மடிப்போட உள்பக்கம் பாருங்க, நாலு நிறத்துல குட்டி வட்டமோ கட்டமோ இருக்கும். அந்த நாலுதான். கடையில 'இது ஃபோட்டோ பேப்பரா, டிஜிட்டல் பிரஸ்ஸா'ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

மை வெளிச்சத்தை உண்டாக்காது, வெள்ளைப் பேப்பர்ல இருந்து வர்ற வெளிச்சத்தைக் கழிக்கும். மை மேல மை ஏற ஏற வெளிச்சம் குறையும். அதனால அழுத்தமாவும் பளிச்சுன்னும் ஒரே நேரத்துல இருக்கிற சில நிறம் நாலு மையால முடியவே முடியாது. கிளிப்பச்சை, கனகாம்பரம், வாடாமல்லி, நல்ல ராமர் நீலம். நீலம் பல நேரம் ஊதாப் பக்கம் சாஞ்சுடும். எல்லாத்துலயும் பேப்பர் தோக்குதுன்னும் நினைக்காதீங்க. பிரஸ்ல வர்ற சுத்தமான சயான் எஸ்ஆர்ஜிபி ஸ்க்ரீன்ல வராது.

அப்போ எட்டாத நிறத்தை என்ன பண்றது? அதை முடிவு பண்றதுக்கு ஒரு செட்டிங் இருக்கு, ரெண்டரிங் இன்டென்ட்னு பேரு. நம்ம டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. பஸ்ல இடம் கம்மி, ஆள் அதிகம். 'உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க'ன்னு கண்டக்டர் கத்தினா எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து எல்லாருக்கும் இடம் கிடைக்கும். இது பெர்செப்சுவல். எல்லா நிறமும் கொஞ்சம் அடங்கும், ஆனா நிறங்களுக்கு இடையில இருக்கிற உறவு அப்படியே இருக்கும். இன்னொரு வகையில உள்ள இருக்கிறவங்க யாரும் அசைய மாட்டாங்க, வெளிய இருக்கிறவங்க எல்லாரும் ஃபுட்போர்டுல தொத்திக்கணும். இது ரிலேட்டிவ் கலரிமெட்ரிக். எட்டுற நிறம் எல்லாம் துல்லியமா வரும். எட்டாத நிறம் எல்லாம் ஒரே ஓரத்துல வந்து நசுங்கும். வாடாமல்லிப் பட்டுல பத்து மடிப்பு இருந்தா பத்தும் ஒரே திட்டா ஆகும்.

எதை எடுக்கிறதுன்னா, முகம் முக்கியமான படத்துக்கு நான் ரிலேட்டிவ்தான் எடுப்பேன். தோல் நிறம் எப்பவும் பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்திருக்கிற ஆளு, அதை நகர்த்த வேண்டாம். படம் முழுக்கப் பட்டுப்புடவையும் பூமாலையுமா இருந்தா பெர்செப்சுவல் போட்டுப் பார்க்கிறேன். 'போட்டுப் பார்க்கிறது'ன்னா பிரிண்ட் எடுக்காமலே பார்க்கலாம், அதுக்குப் பேரு சாஃப்ட் ப்ரூஃபிங். லேப் அவங்க ப்ரொஃபைலைக் கொடுத்தா அதை டவுன்லோட் பண்ணி, லைட்ரூம், ஃபோட்டோஷாப், காசில்லாத டார்க்டேபிள், இதுல எதுல வேணாலும் போட்டா பேப்பர்ல எப்படி வரும்னு ஸ்க்ரீன்லயே காட்டும். 'பேப்பர் வெள்ளையையும் காட்டு'ன்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டதும் படம் சோர்ந்துபோய்த் தெரியும். பயப்படாதீங்க, அதுதான் உண்மைக்குக் கிட்ட இருக்கு.

லேப் கேட்காம நீங்களா சிஎம்ஒய்கேக்கு மாத்தாதீங்க. ஃபோட்டோஷாப்ல தானா வர்ற சிஎம்ஒய்கே அமெரிக்க வெப் ஆஃப்செட் அச்சுக்கானது. உங்க கடை மெஷினுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல. ஒரு தடவை நசுங்கின நிறம் திரும்பவும் வராது.

இடையில ஒரு சின்ன விஷயம். மயில்கழுத்துப் புடவையை மட்டும் யாராலயும் காப்பாத்த முடியாது. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் ஒரு நிறம், கோணம் மாறினா நிறமே மாறும். கேமரா ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும்.

முகம்

இப்ப விஷயத்துக்கு வருவோம். மேல சொன்னதெல்லாம் புடவைக்குப் போதும், முகத்துக்குப் போதாது.

அச்சுல நம்ம ஊர் மாநிறமும் கறுப்பும் எப்படி வருது? மஞ்சளும் மெஜெந்தாவும் நிறைய, கூட அளவா சயான், தேவையான இடத்துல கறுப்பு. இந்தச் சயான்தான் கத்தி முனை. அது கொஞ்சம் கூடினாப் போதும், தோல்ல இருக்கிற சிவப்பு உயிர் போயிடும். சாம்பல் பூசின மாதிரின்னு நேயர் சொன்னாங்கல்ல, அது இதுதான். நிறம் கம்மியான தோல்லயும் சயான் கூடினா தெரியும், ஆனா கறுப்பான தோல் ஏற்கெனவே இருட்டான பகுதியில இருக்கிறதால இருட்டும் சேர்ந்துக்கிட்டு முகமே அணைஞ்சு போகும்.

அப்போ அந்தப் பவுடர் அடிச்ச பக்கங்கள்? அதுக்குக் காரணம் வேற. படம் வந்ததும் ஒவ்வொண்ணையும் தானா 'சரி' பண்ற சாஃப்ட்வேர் பல லேப்ல ஓடுது. இருட்டைக் கண்டா வெளுக்கும். சில கடையில டிசைனர் கையாலயே முகத்தை வெளுப்பாக்கி வழவழன்னு ஆக்கிடுவாரு. அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது, வர்றவங்கள்ல நிறையப் பேர் அதைத்தான் கேட்கிறாங்க. கேட்காதவங்களுக்கும் அதே கிடைக்குதுங்கிறதுதான் என் வருத்தம். கேமராவுல பியூட்டி மோட் போட்டு எடுத்த படம்னா வெளுப்பு ஃபைலுக்குள்ளயே போயிருக்கும், அதைத் திரும்ப எடுக்கிறது கஷ்டம்.

இந்தப் பழக்கம் புதுசும் இல்ல. ஃபிலிம் காலத்துல கோடாக் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பெண். அவங்க தோல் சரியா வந்தா மெஷின் சரி. ஷெர்லி கார்டுன்னு பேரு. கனடாவுல லோர்னா ராத்ங்கிற ஆய்வாளர் 2009-ல இதைப் பத்தி விரிவா எழுதினாங்க. பழுப்பு நிறம் ஃபிலிம்ல சரியா வரலைன்னு கோடாக்கை நெருக்கினதுல சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் இருந்ததுன்னு அவங்க ஆய்வுல வருது. மரமும் சாக்லேட்டும் சரியா வரணும்னு கேட்க ஆள் இருந்துச்சு. பாட்டி முகத்துக்கு நாமதான் கேட்கணும்.

எப்படிக் கேட்கிறது? ஆன்லைன்ல ஆர்டர் போட்டா 'கலர் கரெக்‌ஷன்', 'ஆட்டோ என்ஹான்ஸ்' மாதிரி பேர்ல ஒரு டிக் இருக்கான்னு தேடுங்க, இருந்தா எடுத்துடுங்க. கடைன்னா நேர்ல போய், "அண்ணா, ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே போடுங்க, முகத்துல கை வைக்காதீங்க"ன்னு சொல்லுங்க. ஆர்டர் ஃபார்ம்லயும் எழுதச் சொல்லுங்க, ஏன்னா பிரிண்ட் போடுறவர் பல நேரம் வேற ஆள்.

அடுத்து இன்னும் கஷ்டமான கேள்வி. பாட்டியோட சரியான நிறம் எதுன்னு இப்ப யாரைக் கேட்பீங்க? ஞாபகத்தை முழுசா நம்ப முடியாது. 1960-ல பார்ட்டில்சன்ங்கிறவர் பண்ணின சோதனையில, பழக்கமான பொருட்களை ஜனங்க நிஜத்தை விட அழுத்தமான நிறத்துலதான் ஞாபகம் வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அதனால படத்துக்குள்ளயே சாட்சி தேடுங்க. எவர்சில்வர் டம்ளர், நெத்தியில விபூதி, சிமெண்ட் தரை, இதெல்லாம் சாம்பல், வெள்ளைப் பக்கம் இருக்க வேண்டியது. அதுல மஞ்சளோ நீலமோ ஏறியிருந்தா முகத்துலயும் ஏறியிருக்கும். ஒயிட் பேலன்ஸ் பிப்பெட்டை அதுல வெச்சு ஆரம்பிங்க. தாத்தா வேட்டியில வைக்காதீங்க, நீலம் போட்டுத் துவைச்ச வேட்டி நடுநிலையான சாட்சி கிடையாது.

இன்னொரு நல்ல சாட்சி வீட்டு பீரோவுலயே இருக்கும், அந்த அரக்குப் புடவை. டெஸ்ட் பிரிண்ட் வந்ததும் புடவையைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. புடவை பொருந்தி வந்தா முகமும் பெரும்பாலும் கிட்ட வந்திருக்கும். அம்மா, பெரியம்மாவோட கையையும் பிரிண்ட் பக்கத்துல வைக்கச் சொல்லலாம். பாட்டி நிறம் யாருக்கு வந்திருக்குன்னு வீட்ல கட்டாயம் ஒரு பேச்சு இருக்கும்.

எந்த வெளிச்சத்துல பார்க்கிறது

தி.நகர்ல புடவை எடுக்கப் போனா அம்மா என்ன பண்ணுவாங்க? எடுத்த புடவையை வாசல் வரைக்கும் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்துல ஒரு தடவை பார்ப்பாங்க. அது சரியான விஞ்ஞானம். ஒரு விளக்குல ஒண்ணாத் தெரியுற ரெண்டு நிறம் இன்னொரு விளக்குல வேற வேறயாத் தெரியலாம், மெட்டாமெரிசம்னு சொல்வாங்க. விலை கம்மியான எல்இடி பல்புல சிவப்பு வெளிச்சம் கம்மியா இருக்கும். அதுக்குக் கீழ பார்த்தா நல்ல பிரிண்ட்ல இருக்கிற முகமும் செத்துத்தான் தெரியும்.

அச்சுக்காரங்களுக்குன்னே ஐஎஸ்ஓ 3664-னு ஒரு தரநிலை இருக்கு. டி50-ங்கிற பகல் மாதிரி வெளிச்சம், நுணுக்கமா ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாப் பார்க்க 500 லக்ஸ். வீட்ல அதுக்குச் சமமா ஒரு இடம் வேணும்னா காலையில பத்து மணிக்கு ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாம. தீர்ப்பு அங்க வெச்சு சொல்லுங்க. இன்க்ஜெட் பிரிண்ட்னா ஒரு நாள் காயவிட்டுப் பாருங்க.

ஆனா சித்தி வீட்ல ராத்திரி டியூப்லைட்ல சோபாவுல உட்கார்ந்துதானே புரட்டுவாங்க? அதுவும் நியாயம்தான். அதனால வெளிச்சத்தின் அளவுல மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க, அதாவது படத்தை ஒரு சின்ன அளவு தூக்கி வைங்க. நிறத்தை அந்த பல்புக்காக மாத்தாதீங்க. பல்பு அடுத்த வருஷம் மாறிடும்.

எட்டு காப்பிக்கு முன்னாடி

மதுரை நேயருக்கு நான் அனுப்பின பதில் இதுதான். நாப்பது படத்துலயும் கஷ்டமான ஆறு படத்தைப் பிரிச்சு எடுங்க. இருட்டான ஒண்ணு, அரக்குப் புடவை ஒண்ணு, முகம் கிட்டத்துல இருக்கிற ஒண்ணு, ஸ்கேன் பண்ணின பழசு ஒண்ணு, கறுப்பு வெள்ளை ஒண்ணு, பட்டும் மாலையுமா ஒண்ணு. கறுப்பு வெள்ளை எதுக்குன்னா, நாலு மையால சாம்பல் நிறம் உண்டாக்கும்போது மெஷின் எந்தப் பக்கம் சாஞ்சாலும் முதல்ல அங்கதான் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு படத்தையும் மூணு தடவை ஒரே பக்கத்துல வைங்க. உள்ளபடி ஒண்ணு, எக்ஸ்போஷரை மூணுல ஒரு ஸ்டாப் கூட்டி ஒண்ணு, மூணுல ரெண்டு ஸ்டாப் கூட்டி ஒண்ணு. எது எதுன்னு கீழ எழுதிடுங்க. இதை அதே கடையில, அதே பேப்பர்ல, அதே லேமினேஷனோட, இருக்கிறதுலயே சின்ன அளவுல போடச் சொல்லுங்க. லேமினேஷன் மாறினா நிறம் மாறும். மேட் லேமினேஷன் கறுப்பை வெளிறச் செய்யும், பளபளப்பானது ஆழமாக்கும். அதனால ரெண்டையும் மாத்தி மாத்தி ஒப்பிடாதீங்க.

வந்ததை ஜன்னல் பக்கத்துல வெச்சு, புடவையையும் வெச்சு, எது சரின்னு பேனாவால டிக் பண்ணுங்க. அந்த அளவை மிச்சப் படங்களுக்கும் போடுங்க. எட்டு காப்பியையும் ஒரே நாள்ல, ஒரே ஆர்டரா போடுங்க. மெஷின் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். ரெண்டு காப்பி இப்ப, ஆறு காப்பி அப்புறம்னு போட்டா பெரியம்மா புக்ல ஒரு பாட்டி, சித்தி புக்ல வேற பாட்டி.

ஸ்க்ரீனை அளந்து சரிபண்ற கருவி வாங்கணுமான்னு நிறையப் பேர் கேட்பீங்க. ஸ்பைடர், கேலிப்ரைட்னு வருது, ரெண்டும் நல்லா வேலை செய்யும். மாசாமாசம் பிரிண்ட் எடுக்கிறவங்களுக்கு அவசியம். வாழ்க்கையில ஒரு புக் போடுறவங்களுக்கு அந்தக் காசுல நாலு டெஸ்ட் பிரிண்ட் எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியா, பிரிண்டுக்கு அனுப்பின ஃபைல்களை பக்க எண்ணோட ஒரு ஃபோல்டர்ல போட்டு, எந்தக் கடை, என்ன பேப்பர், எந்த லேமினேஷன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் கூட வைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு அத்தை கட்டாயம் கேட்பாங்க, "எனக்கு மட்டும் ஏன்டா தரல?"

அடுத்த வாரம் பழைய ஃபிலிம் நெகட்டிவ்களை வீட்லயே ஸ்கேன் பண்றதைப் பத்திப் பேசுறேன். உங்க வீட்ல டப்பாவுல நெகட்டிவ் கிடந்தா, அதுக்குள்ள வெயில்ல மட்டும் வெச்சுடாதீங்க.